பழைய ரப்பரை அளக்காதீர்கள், அது உட்கார்ந்த இடத்தை அளந்து பாருங்கள்

2022 ஆகஸ்ட், மும்பையில் மழைக்காலம். சயான் ரயில் நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா, வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது அவருடைய பேண்டின் இடது கால் முழங்கால்வரை நனைந்திருந்தது. கதவுகள் சரியாக மூடியிருந்தன. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வலது கால் உலர்ந்தே இருந்தது. டார்ச் அடித்துக் கிளட்ச் பெடலுக்கு மேலே பார்த்தேன். எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒயர்க்கட்டு நுழைவதற்கு ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளையில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தை விரலால் தொட்டதும், வெயிலில் காய்ந்த வடகம்போல் நொறுங்கிப் பாதி என் கையோடு வந்துவிட்டது.

எங்களுடையது 1991ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்தவர். பல ஆண்டுகள் பத்மினி டாக்சி ஓட்டினார். டாக்சியை விட்டபிறகும் அந்த வண்டியின் மேல் இருந்த பிரியம் போகாமல், சொந்த உபயோகத்துக்கு இந்த வெள்ளை வண்டியை வாங்கினார். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்சிகளுக்கான இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அவை தெருவை விட்டே போய்விட்டன. குர்லா கபாடியா நகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவுக் கைப்பிடியும் கார்புரேட்டரும் இன்னும் எனக்குக் கிடைக்கின்றன. ரப்பர்தான் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உறையே பிரிக்காத பாக்கெட்டுக்குள் இருபத்தைந்து ஆண்டுகள் கிடந்ததாக இருக்கும். இரும்பு பயன்படுத்தினால்தான் தேயும். ரப்பர் சும்மா இருந்தாலும் காற்றுப் பட்டே கெட்டுப்போகும். நான் வாங்கிய ஒரு புத்தம்புது வளையம் ஒரே மழைக்காலத்தில் வெடித்துவிட்டது. அதன்பிறகுதான் நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

நான் மாட்டுங்காவில் பல் செய்யும் ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவர் எடுத்து அனுப்பும் அச்சிலிருந்து கிரவுன், பிரிட்ஜ், பல்செட் செய்வது என் தொழில். அச்சு எடுப்பதும் வார்ப்பதும் கைக்குப் பழகியவை. என்றாலும், வண்டி வேலையில் எனக்கு அதிகம் உதவியது கைப்பழக்கம் இல்லை, தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொடுத்த ஒரு பாடம். நோயாளி உடைந்த கிரவுனைக் கையில் கொண்டுவருவார். அதைப் பார்த்து நாங்கள் புதியது செய்வதில்லை. அது உட்கார்ந்திருந்த பல்லின் அடிக்கட்டையைத்தான் அச்செடுப்போம். உடைந்தது தேய்ந்திருக்கும், கோணியிருக்கும், அடிக்கட்டை மாறியிருக்காது. ரப்பரும் அப்படித்தான். முப்பது ஆண்டுகளில் அது சுருங்கி, இறுகி, ஒரு பக்கம் அமுங்கி வேறொரு பொருளாகவே ஆகிவிடுகிறது. அதை அப்படியே நகலெடுத்தால் கெட்டுப்போனதன் நகல்தான் கிடைக்கும்.

அந்த வளையத்தையே எடுத்துக்கொள்கிறேன். பாதியாக உடைந்ததைச் சேர்த்துவைத்து வெர்னியரில் அளந்தபோது வெளிவட்டம் 38.4 மி.மீ. தகட்டைத் துடைக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெயும் தூசியும் ஏறிப் பழுப்பாக இருக்க, ரப்பர் மூடியிருந்த இடத்தில் மட்டும் கம்பெனியில் அடித்த வெள்ளை பெயிண்ட் 1991இல் இருந்ததுபோலவே பளிச்சென்று இருந்தது. அந்த வெள்ளை வட்டத்தை அளந்தேன்: 40 மி.மீ. வண்டி புதிதாக இருந்தபோது வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைத் தகடே எழுதிவைத்திருந்தது. துளையின் விட்டம் 30.2, அதன் விளிம்பு உட்காரும் வளையத்தின் பள்ளமோ 28.9 ஆகச் சுருங்கியிருந்தது. தண்ணீர் வந்தது அந்த இடைவெளியில்தான். எந்த ரப்பரைக் கழற்றினாலும் தகட்டைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் இந்த நிழலைத் தேடுங்கள். பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் பிறகு துடையுங்கள்.

செய்முறைக்குப் போவதற்கு முன்னால், வீட்டில் செய்யவே கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகள், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஸ்டியரிங்கில் எடை தாங்கும் எந்த ரப்பரும், முன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் (விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை). இவற்றைத் தேடி வாங்குங்கள், கிடைக்கும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள். பிரேக் திரவத்தில் தப்பான ரப்பர் வீங்கிச் சிக்கிக்கொள்ளும்; பெட்ரோலில் கரைந்தால் தீப்பிடிக்கும். எஞ்சின் மவுண்டிங்கையும் விட்டுவிடுங்கள். இரும்போடு ரப்பரை ஒட்டவைப்பது சூட்டிலும் அழுத்தத்திலும் தொழிற்சாலையில் நடக்கும் வேலை. நாம் செய்யக்கூடியவை தண்ணீரையும் தூசியையும் சத்தத்தையும் தடுப்பவை: ஒயர் வளையங்கள், டெயில் லைட் அடியில் வைக்கும் கேஸ்கட், டிக்கி பீடிங், பெடல் ரப்பர், பானெட் வந்து உட்காரும் குமிழ், முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சுற்றியுள்ள சின்னச்சின்ன ரப்பர்கள்.

இவற்றிலும் எல்லாவற்றையும் வார்க்க வேண்டியதில்லை. தட்டையானதை ஷீட்டில் வெட்டலாம். நீளமானதை மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்டலாம். வேறு வழியே இல்லாத உருவத்தை மட்டும் வார்க்கலாம்.

ஷீட் வாங்க நான் மஸ்ஜித் பக்கம் நாக்தேவி தெருவுக்குப் போகிறேன். அங்கே போய் "ரப்பர் ஷீட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். எந்த ரப்பர் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வெயிலும் மழையும் படும் இடத்துக்கு ஈ.பி.டி.எம்.; ஆனால் அது எண்ணெய் பட்டால் வீங்கும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல். அதை வெயிலில் வைத்தால் மேல்தோல் வெடிக்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் படும் எஞ்சின் அறைக்கு நியோப்ரீன். சூடான இடத்துக்கு சிலிக்கோன். அது எளிதில் கிழியும், பெட்ரோலுக்கும் ஆகாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அதனால் டேங்க் மூடியின் வாஷரைப் பழைய வகை ரப்பரில் வெட்டாதீர்கள், வைட்டான் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைக்காரர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஷீட்டிலிருந்து 20 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பழைய ஊறுகாய் பாட்டிலில் எஞ்சின் ஆயில் விட்டு அதில் இரண்டு நாள் போட்டு வையுங்கள். நான் போட்ட ஈ.பி.டி.எம். துண்டு கண்ணுக்கே தெரியும்படி உப்பி, நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. நைட்ரைல் துண்டு போட்டபடியே இருந்தது. இந்தச் சோதனைக்குப் பிறகுதான் எதையும் வண்டியில் மாட்டுகிறேன்.

டெயில் லைட் கேஸ்கட்டுக்கு 3 மி.மீ. ஈ.பி.டி.எம். ஷீட் போதும். பழைய கேஸ்கட்டைத் தாளில் வைத்து வரையாதீர்கள். விளக்கைக் கழற்றி, அதன் அடிவிளிம்பில் விரலால் பென்சில் தூளைத் தேய்த்து, கெட்டியான தாளில் அழுத்தி எடுங்கள். விளிம்பின் உண்மையான வடிவம் தாளில் விழும். திருகுத் துளைகளின் இடமும் விழும். அந்தத் தாளை வெட்டி ஷீட்டின் மேல் வைத்து, தையற்காரரின் வெள்ளைச் சாக்கட்டியால் கோடு போடுங்கள். துளைகளை முதலில் போடுங்கள், விளிம்பை அப்புறம் வெட்டுங்கள். வெட்டிய பிறகு துளை போட்டால் குறுகலான இடம் இழுத்துக்கொண்டு கோணிவிடும். துளை போட செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் வட்டப் பஞ்ச், அடியில் மரக்கட்டையின் வெட்டுமுகம். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்தால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெட்டும். ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள். இல்லையென்றால் வெட்டுமுகம் சரிந்துவிடும்.

டிக்கி பீடிங்கை மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். பழையதன் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய், வெட்டுமுகத்தை ஒத்துப் பாருங்கள். நீளத்தை மட்டும் பழையதிலிருந்து எடுக்காதீர்கள். பீடிங் உட்காரும் பள்ளத்துக்குள் ஒரு நூலை வைத்து அளந்து, அதைவிட மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அதிகமாக வெட்டுங்கள். இழுத்து மாட்டினால் ரப்பர் நாளடைவில் சுருங்கி, இரண்டு முனைகளும் சேரும் மூட்டு பிரிந்துவிடும். நெருக்கி மாட்டினால் மூட்டு இறுகும். இரண்டு முனைகளையும் புதுப் பிளேடால் நேராக வெட்டி, கை படாமல், உடனடியாக ஒட்டும் பசையால் அந்த நிமிடமே ஒட்டுங்கள். அந்த மூட்டு, தண்ணீர் தேங்கும் மூலையில் வரக் கூடாது.

சைலன்சரைத் தொங்கவிடும் பட்டைக்கு லாரி டயரின் பக்கச்சுவர்தான் சரி. நைலான் நூல் ஓடும் பழைய வகை டயராகப் பார்த்து வாங்குங்கள்; அந்த நூல்தான் போல்ட் துளை கிழியாமல் பிடிக்கும். கம்பி ஓடும் டயரை வெட்டினால் கையைக் கிழிக்கும்.

இனி வார்ப்பு.

என் கணவரின் ஊர் குலசேகரம். மாமியார் வீட்டுக் கொட்டகையில் ரப்பர் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தாளாக்கிப் புகையில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தத் தாளை அப்படியே வண்டியில் மாட்ட முடியாது. சூட்டில் பிசுபிசுக்கும், இழுத்தால் இழுத்தபடி நிற்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் ரப்பர் ஆகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது அதைத்தான். நம் வீட்டு அடுப்பில் அந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம். இரண்டு திரவங்களைக் கலந்தால் தானே இறுகும் பாலியூரித்தேன் ரப்பரைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஆனால் பழைய ரப்பருக்குள் இருக்கும் அந்தக் கந்தகம் அச்செடுக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். அதைத் தெரியாமல் பொருளை வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

அச்சு செய்யும் சிலிக்கோன் இரண்டு வகை. பிளாட்டினத்தால் இறுகுவது ஒன்று, டின் (வெள்ளீயம்) சேர்மத்தால் இறுகுவது இன்னொன்று. பிளாட்டினம் வகை அளவில் மிகத் துல்லியமானது. பல் அச்சுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கந்தகம் பட்டால் அது இறுகாது. லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு, மாவுபோல் பிசையும் அந்த வகை சிலிக்கோனை, அதாவது புட்டியை, தொடக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே சொல்லும் விதி. கையுறையில் இருக்கும் கந்தகமே போதும், புட்டி நாள் முழுதும் பிசினாகவே கிடக்கும். முழு ரப்பர் துண்டையே அதற்குள் புதைத்தால் என்ன ஆகும்? ரப்பரைத் தொட்ட இடமெல்லாம் கூழாகவே நிற்கும். எனவே ரப்பர் மாதிரியைச் சுற்றி ஊற்ற டின் வகையை மட்டுமே வாங்குங்கள். களிமண்ணும் கந்தகம் இல்லாததாக இருந்தால் நல்லது.

தகட்டின் துளையை அச்செடுக்க மட்டும் நான் பல் புட்டியைப் பயன்படுத்துகிறேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒயர்க்கட்டின் இணைப்புகளைப் பிரித்து (ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துண்டுத்தாள் ஒட்டிவிடுங்கள்) துளையைக் காலியாக்கினேன். விளிம்பில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பொடியைச் சுரண்டித் துடைத்து, லேசாக வாசலின் தடவினேன். புட்டியை நைட்ரைல் கையுறையோடு பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, உள்ளிருந்து துளைக்குள் அழுத்தினேன். அந்தப் பக்கம் எஞ்சின் அறையில் அப்பா கைவிரலால் தட்டையாக்கிப் பிடித்தார். ஐந்து நிமிடத்தில் இறுகிவிட்டது. உள்பக்கத்து அகலத்தைச் சீவிவிட்டு இழுத்தபோது, துளையின் விளிம்பு, பெயிண்டோடு சேர்ந்த தகட்டின் தடிமன், துளையின் கீழ்ப்பக்கத்தில் யாரோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் வந்த ஒரு சின்ன மடிப்பு, எல்லாம் அதில் இருந்தன. அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாள் ஓட்டினேன், இந்தத் துளை எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது அம்மா" என்றார். அந்த மடிப்பை இடுக்கியால் நிமிர்த்தினோம். அதை விட்டிருந்தால் எவ்வளவு நல்ல வளையமும் அங்கே கசிந்திருக்கும்.

தகட்டின் தடிமன் 1.1 மி.மீ. எனவே பள்ளத்தின் அகலத்தை 1 மி.மீ. என்று வைத்தேன், கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் இரண்டு விளிம்புகளும் தகட்டைக் கவ்வும். பள்ளத்தின் விட்டம் 30.5, துளையைவிடக் கால் மி.மீ. சொச்சம் அதிகம். ஒயர்க்கட்டு 14 மி.மீ. கனம், நடுத்துளை 13.

அடுத்தது மூல மாதிரி. பழைய வளையத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஊறவைத்துக் கழுவி, உடைந்த இரண்டு பாதிகளையும் பசையால் சேர்த்தேன். பிறகு மெழுகு. எங்கள் தொழிலில் பல்லுக்கு வடிவம் கொடுக்கும் ரோஸ் நிற மெழுகைச் சூடான கரண்டி முனையால் சொட்டுச் சொட்டாக வைத்து, வெளிவிளிம்பு 40 ஆகும்வரை ஏற்றினேன். பள்ளத்தையும் அப்படியே. நடுத்துளையை ஒரு உருண்டைக் கம்பியில் தாளைச் சுற்றி 13க்குக் கொண்டுவந்து மெழுகால் சரிசெய்தேன். தேய்ந்த இடத்தை நிரப்புவதும், காலணி மிதித்தாற்போல் அமுங்கிய இடத்தை எழுப்புவதும் இந்தக் கட்டத்தில்தான். அவசரப்படாதீர்கள். மாதிரியில் இருக்கும் கைரேகைகூட வார்ப்பில் வரும். கடைசியில் பழைய பனியன் துணியால் மெழுகை லேசாகத் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

அச்சை எங்கே பிரிப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். வளையத்தைப் பார்த்ததும் பள்ளத்தின் நடுவில் பிரிக்கத்தான் தோன்றும். செய்யாதீர்கள். இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் எப்போதும் ஒரு மெல்லிய பிசிர் வரும். பள்ளத்தின் அடியில் பிசிர் வந்தால், தண்ணீரை அடைக்க வேண்டிய இடத்திலேயே அது தூக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் பக்கத்து விளிம்பின் வெளியோரத்தில் பிரியுங்கள். அங்கே பிசிர் வந்தால் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பள்ளத்துக்குள் போகும் சிலிக்கோன் நாக்கு வளையும், வார்த்த ரப்பரும் வளையும், எனவே பிரித்தெடுப்பதில் சிரமமே இல்லை.

எஞ்சின் பக்கம் கீழே இருக்கும்படி மாதிரியைக் களிமண்ணில் அந்த ஓரம்வரை புதைத்து, களிமண்ணில் பென்சில் முனையால் நான்கு குழிகள் குத்துங்கள். பாதிகள் இடம் மாறாமல் சேர அவைதான் பிடிப்பு. சுற்றிலும் பிளாஸ்டிக் டப்பாவின் சுவர், ஓட்டைகளை மெழுகால் அடையுங்கள். எவ்வளவு சிலிக்கோன் வேண்டும் என்று தெரிய, காலி இடத்தில் ரவையைக் கொட்டி நிரப்பி அதை அளவுக் கோப்பையில் அளங்கள், பிறகு தூரிகையால் துடைத்தெடுங்கள். இறுகவைக்கும் திரவத்தை டப்பாவில் போட்டுள்ள விகிதப்படி தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். முதலில் தூரிகையால் மாதிரியின் மேல் ஒரு பூச்சு, அப்புறம் ஒரு மூலையிலிருந்து நூலாக ஊற்றுங்கள். தானே நிரம்பி ஏறட்டும்.

ஒரு நாள் கழித்துத் திருப்பிப் போட்டு, களிமண்ணை முழுதும் எடுத்துவிட்டு, இறுகிய முகம் முழுக்க வாசலின் தடவுங்கள். ஒரு இடம் விட்டுப்போனாலும் சிலிக்கோன் சிலிக்கோனோடு ஒன்றாகிவிடும், பிறகு கத்திதான். ரப்பர் ஊற்ற ஒரு வழியும், எதிர்ப்பக்கம் காற்று வெளியேற ஒரு வழியும் வேண்டும். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் இரண்டு துண்டுகளை மாதிரியின் மேல் நிறுத்தி இரண்டாவது பாதியை ஊற்றுங்கள்.

அச்சு இறுகிவிட்டது என்று அன்றே வார்க்காதீர்கள். டின் வகை சிலிக்கோன் இறுகும்போது சாராயச் சத்து கொஞ்சம் வெளிவரும். அது உள்ளே இருக்கும்போது பாலியூரித்தேன் ஊற்றினால் மேல்தோல் இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் காற்றாட வைத்து, முடிந்தால் 60 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் சரியாகிவிடும்.

பாலியூரித்தேன் ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற எண்ணால் சொல்வார்கள். கட்டுப்போடும் ரப்பர் பேண்ட் 30க்குள், பென்சில் அழிப்பான் 40 சுமார், டயரின் மேற்புறம் 60 முதல் 70, காலணிக் குதிகால் 80 பக்கம். ஒயர் வளையத்துக்கு 50 அல்லது 60 வாங்குங்கள். பெடலுக்கும் பானெட் குமிழுக்கும் 70. கறுப்பு நிறமியும் சேர்த்து வாங்குங்கள். கறுப்பு அழகுக்காக மட்டும் இல்லை, வெயில் தாங்கவும் உதவும்.

மும்பையில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது: இந்த ரப்பருக்குத் தண்ணீர் எதிரி. 2023 ஜூலையில், வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்தபோது நான் முதல் வளையத்தை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் ஸ்ட்ரா வழியாக நுரை தள்ளியது. மறுநாள் அச்சைப் பிரித்தால் வளையத்தின் உள்ளே முழுக்க ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. திரவத்தில் உள்ள ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது, அதுதான் நுரை. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை மும்பைக் காற்று உலர்ந்திருக்கும், அப்போது வார்த்துவிடுங்கள். மரக்குச்சியால் கலக்காதீர்கள், அதில் ஈரம் இருக்கும். எவர்சில்வர் கரண்டிக் காம்பு நல்லது. அச்சின் கொள்ளளவைத் தண்ணீர் ஊற்றி அளந்து பார்க்கவே கூடாது, ரவைதான். திறந்த டப்பாவை உடனே மூடி, டேப் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பெரிய டப்பாவுக்குள் வையுங்கள்.

அதே ஐசோசயனேட் மூச்சுக்கும் கெடுதல். பால்கனியிலோ, எல்லா ஜன்னலும் திறந்த அறையிலோ, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டவே வரக் கூடாது. அப்பாவுக்கு இழுப்பு உண்டு. வார்க்கும் நாளில் அவரைக் கீழ்வீட்டு அண்ணாச்சியோடு டீக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன்.

இரண்டு திரவங்களையும் நிறுத்து, மெல்லக் கலக்கி, பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டி, வேறொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு முறை கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருப்பது வார்ப்பில் ஒட்டும் புள்ளிகளாக வரும். இரண்டு பாதிகளையும் இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பேண்டால் கட்டி, ஒரு ஸ்ட்ரா வழியாக மெல்லிய நூலாக ஊற்றுங்கள். மறு ஸ்ட்ராவில் ரப்பர் ஏறி வரும்வரை. மேஜையின் அடியை உள்ளங்கையால் தொடர்ந்து தட்டினால் குமிழிகள் ஏறி வெளிவரும்.

ஒரு நாள் கழித்துப் பிரித்தெடுத்த வளையத்தை அன்றே மாட்டாதீர்கள். முழு உறுதி வர ஏழு நாள் ஆகும். அவசரப்பட்டு இழுத்து மாட்டினால் விளிம்பு கிழியும். மாட்டும்போது எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். விளிம்பின் ஒரு பக்கத்தைத் துளைக்குள் நுழைத்து, மழுங்கிய பிளாஸ்டிக் முனையால் சுற்றிலும் உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். கடைசி கால்பங்குதான் முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் என் வண்டியில் இருந்ததுபோலத் தகட்டில் மடிப்பு விழும்.

பெடல் ரப்பருக்கு இவ்வளவு தேவையில்லை. தேய்ந்த கோடுகளை மெழுகால் எழுப்பி, ரப்பரைப் பெடல் தகட்டோடு சேர்த்தே அச்செடுத்தால் தகடு நுழையும் பை சரியான அளவில் வரும். நான் முதலில் பல் ஆய்வகத்துப் பிளாஸ்டரில் அச்சு செய்தேன். அது மலிவு. ஆனால் பல நாள் காயவைத்து, ஷெல்லாக் என்னும் அரக்கு வார்னிஷை மூன்று பூச்சு பூசி, மேலே மெழுகு தேய்த்தால்தான் ஈரம் ரப்பரைத் தொடாது. இரண்டு வார்ப்புக்குப் பிறகு கோடுகள் உடையத் தொடங்கின.

எதை மாட்டினாலும் சோதியுங்கள். பீடிங் என்றால் அது தொடும் தகட்டில் சாக்பீஸ் பொடி தடவி, டிக்கியை மூடித் திறந்தால், பீடிங்கில் வெள்ளைக்கோடு விடாமல் ஓடியிருக்க வேண்டும். கோடு விட்ட இடத்தில் தண்ணீர் வரும். ஒயர் வளையத்துக்கு, நான் பெடல்களுக்குக் கீழே செய்தித்தாள் விரித்து டார்ச்சோடு படுத்துக்கொண்டேன். அப்பா பானெட்டைத் திறந்து, பேட்டரிப் பக்கம் படாமல், வளையத்தின் மேல் சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். ஐந்து சொம்பு. தாள் உலர்ந்தே இருந்தது. ஒயர்க்கட்டின் நடுவில், ஒயருக்கும் ஒயருக்கும் இடையில் மட்டும் ஒரு துளி நின்றது. ஒயர்களுக்கு நடுவே கொஞ்சம் பியூட்டைல் பசையைத் திணித்ததும் அதுவும் நின்றுவிட்டது.

முதல் வளையம் நுரைத்துப்போன பிறகு 2024 பிப்ரவரியில் வார்த்த இந்த வளையம் இரண்டு மழைக்காலங்களைத் தாண்டிவிட்டது. அப்பாவின் பழைய டாக்சி நண்பர்கள் இருவர் தங்கள் வண்டிக்கும் கேட்டார்கள். வண்டிக்கு வண்டி துளை அரை மி.மீ. மாறுகிறது, எனவே அவர்கள் வண்டியின் துளையையும் புட்டியில் அச்செடுத்த பிறகுதான் செய்துகொடுத்தேன். டின் வகை அச்சு சில ஆண்டுகளில் தானே சுருங்கி உதிரத் தொடங்கும். அதை நம்பி வைக்காதீர்கள். மெழுகு ஏற்றிய மூல மாதிரியிலிருந்து முதல் வார்ப்பு வந்ததும், மாட்டாமல் ஒன்றை எடுத்து வையுங்கள். அடுத்த அச்சுக்கு அதுதான் மாதிரி. அதில் கந்தகம் இல்லாவிட்டாலும் டின் வகையிலேயே அச்செடுங்கள்; பாலியூரித்தேன் ரப்பரும் பிளாட்டினம் சிலிக்கோனை இறுகவிடாமல் தடுக்கலாம். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் ஒன்றில், வெயில் படாமல், ஒவ்வொன்றும் ஒரு சின்ன உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல் அப்பாவின் கையெழுத்தில் துளையின் விட்டம், தகட்டின் தடிமன், வார்த்த தேதி.